மேல் வீட்டுக்கு ஒழுகிய மீன் தொட்டி

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் பிறந்து, மார்கழி இன்னும் முடியாத ஒரு காலை, சுவாமிநாதன் வீட்டு மீன் தொட்டி விரிசல் விட்டு, தண்ணீர் மேல் வீட்டுக்கு ஒழுக ஆரம்பித்தது. கச்சேரி ரோட்டிலிருந்து சாந்தோம் பக்கமாகத் திரும்பும் சந்தில், பால் பூத்துக்கு எதிரே, கற்பகம் ஃப்ளாட்ஸ் என்று ஒரு கட்டடம். கீழே இரண்டு வீடு, மேலே இரண்டு வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடி. மெட்ராஸில் ஃப்ளாட் கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து மேல் வீட்டுக் குளியலறை கீழ் வீட்டுக்காரர் தலையில் ஒழுகுவதுதான் நடைமுறை. அதற்கு முகம் சுளிக்கும் முறை, படியேறிப் போய்ச் சொல்லும் முறை, சொன்ன பிறகு ஒரு வருஷம் பேசாமல் இருக்கும் முறை எல்லாம் ஊரில் ஏற்பட்டுவிட்டன. கீழ் வீட்டிலிருந்து மேல் வீட்டுக்கு ஒழுகியது அதுதான் முதல் தடவை. அன்றைக்குத் தண்ணீர்த்துறை மார்க்கெட்டில் அவரைக்காய் நல்ல மலிவு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

விரிசல் பெரிதொன்றுமில்லை. ஒரு பிஞ்சு வெண்டைக்காய் நீளம், தலைமுடி கனம். அதிலிருந்து ஒரு சொட்டு வெளியே வந்து, கண்ணாடிமேல் சற்று நின்று, எந்தப் பக்கம் போகலாம் என்று யோசிப்பதுபோல் நடுங்கி, பிறகு மேல்நோக்கிக் கிளம்பியது. தொட்டியின் விளிம்பைத் தாண்டியதும் பிடிமானம் எதுவும் இல்லாமலே விர்ரென்று போய், மின்விசிறிக்குப் பக்கத்தில் கூரையில் டொப்பென்று விழுந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. பத்து மணிக் காப்பிக்குள் கூரையில் ஒரு தாம்பாளம் அளவுக்குக் குட்டை கட்டிவிட்டது. சுவாமிநாதனின் மனைவி காமாக்ஷி மாமி கோயிலிலிருந்து வந்து அண்ணாந்து பார்த்தாள். அதில் தன் முகம் தெரிந்ததால் பொட்டைச் சரிசெய்துகொண்டு, அப்புறம்தான் இது என்ன கூத்து என்று கேட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் தண்ணீர் காங்கிரீட்டில் ஊறிக் கடந்து, மேல் வீட்டு மொசைக் தரையில் முளைத்து, அங்கிருந்து மறுபடி சொட்டுச் சொட்டாக எழும்பி, அந்த வீட்டுக் கூரையையும் நனைக்கத் தொடங்கியது.

மேல் வீடு அல்போன்ஸ் வாத்தியாருடையது. சாந்தோம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் பாடம் எடுக்கும்போது கடல் அலை கரைக்கு வராமல் நடுவிலேயே நின்று கேட்டுவிட்டுப் போகும் என்று பழைய மாணவர்கள் சத்தியம் செய்வார்கள். சுவாமிநாதன் கோட்டையில், அதாவது தலைமைச் செயலகத்தில், வேலை பார்த்தவர். தன் மேஜைக்கு வந்த கோப்பு ஒவ்வொன்றிலும் ஓரமாக 'பேசவும்' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதி அடுத்த மேஜைக்குத் தள்ளியே சர்வீஸை முடித்தார். யாரும் வந்து பேசியதில்லை, அவரும் யாரையும் கூப்பிட்டதில்லை. அவர் தள்ளிய கோப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பரங்கிமலை அதன் நிழலில் உட்கார்ந்து இளைப்பாறலாம். முடிவு என்பது மரத்தில் தானே பழுத்துத் தானே விழ வேண்டிய சமாசாரம், போய் உலுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

இந்த இருவரும் கட்டடம் கட்டி முடித்த அதே வாரம் குடிவந்தவர்கள். கீழே சாஸ்திரிகள் ஹோமப் புகை போட, மேலே பாதிரியார் தீர்த்தம் தெளிக்க, புகை மேலேயும் தீர்த்தம் கீழேயுமாக இரண்டு வீடும் ஒன்றாகத்தான் புனிதமாயின. அன்று சாயங்காலமே அல்போன்ஸ் வீட்டுக் கூடத்தில் கேரம் பலகை போட்டார்கள். தொட்டி விரிசல் விட்ட வருஷம்வரை அந்தப் பலகையை யாரும் எடுக்கவே இல்லை. சுவாமிநாதன் ஓய்வு பெற்றபோது மற்றவர்கள் சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். அல்போன்ஸ் தன் கையாலேயே கண்ணாடி அறுத்து, ஓரம் தேய்த்து, ஒட்டிக் காயவைத்து, இந்த மீன் தொட்டியைச் செய்துகொண்டு வந்து கூடத்தில் வைத்தார். இனிமேல் உங்களுக்கு முன்னால் எதுவும் நிற்காது சாமி, நீந்திக்கொண்டே இருக்கும், தள்ளிவிட வேண்டிய அவசியம் இல்லை என்றார். சுவாமிநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவர் மீனுக்குத் தீனி போட, அவர் கலங்கியது அடங்குவதற்குள் மீன்களுக்கு அஜீரணம் வந்துவிட்டது.

விரிசல் ஏன் விட்டது என்பது சுவாமிநாதனுக்கு மட்டும்தான் தெரியும், அல்லது அப்படி அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மெட்ராஸ் மார்கழியில் குளிர் என்று சொல்லத்தக்க எதுவும் கிடையாது. ஆனாலும் மயிலாப்பூர்க்காரர்கள் இமயமலைக்குக் காவலுக்குப் போகிறவர்கள்போல் மஃப்ளரும் குரங்குக் குல்லாயுமாகத்தான் பால் வாங்கப் போவார்கள். அன்று விடிந்ததும் பாய்லரில் வெந்நீர் போட்டுக் குளித்துவிட்டு, குல்லாயை மாட்டிக்கொண்டு, காப்பி டம்ளரோடு சுவாமிநாதன் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். கப்பி மீன்கள் எல்லாம் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. அவருக்கு மனசு கேட்கவில்லை. நாம் மட்டும் வெந்நீரில் குளித்துவிட்டு வாயில்லா ஜீவன்களை இந்தப் பச்சைத் தண்ணீரில் நிறுத்தி வைத்திருக்கிறோமே என்று போய், பாய்லரிலிருந்து ஒரு சொம்பு பிடித்து வந்து ஊற்றினார். மீன்கள் கொண்டாடிவிட்டன. சோப்புப் போடாத குறைதான். அந்தக் குதூகலத்துக்கு நடுவில்தான் டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

சுவாமிநாதன் சொம்பை அலம்பித் துடைத்துப் பரணில் வைத்துவிட்டார். மத்தியானம் அல்போன்ஸ் மாடியிலிருந்து இறங்கி வந்தார். வருவதற்கு முன்னால் அவர் தன் கூடத்துத் தரையில் முளைத்த தண்ணீரில் வெறுங்காலை வைத்து ஒரு நிமிஷம் யோசனையாக நின்றதையும், பிறகு மீசைக்குள் சிரித்துக்கொண்டதையும் அவர் மனைவி ஜோன் பார்த்தாள். கீழே வந்து விரிசலைத் தடவிப் பார்த்து, எப்படி ஆச்சு சாமி என்று கேட்டார். தானாவே விட்டுடுத்து என்றார் சுவாமிநாதன். தானாக விடுவதென்றால் செய்தவன் கையில்தான் ஏதாவது பிசகு இருக்கும், நல்ல கண்ணாடியாகப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும் என்றார் அல்போன்ஸ். சொல்லிவிட்டு நண்பரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த இடத்தில் சுவாமிநாதன் வாயைத் திறந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் மீனுக்குத் தீனி போட்டார்.

மேல் மாடியில் அல்போன்ஸுக்கு எதிர்ப் பக்கத்து ஃப்ளாட்டில் இருந்த வேம்புதான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். அவர் விதிமுறைகளை எடுத்து வைத்துக்கொண்டு கூட்டம் போட்டார். மேலிருந்து கீழே ஒழுகினால் மேல் வீட்டுக்காரர் செலவு என்று தெளிவாக இருந்தது. கீழிருந்து மேலே ஒழுகினால் யார் செலவு என்று எதுவும் இல்லை. பௌதிகம் படித்தவராயிற்றே, இதற்கு என்ன காரணம் என்று அல்போன்ஸைக் கேட்டார்கள். அவர் ரொம்ப நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, இது பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார். சரி, காரணம் கிடக்கட்டும், தொட்டியை ஒட்டுவதா மாற்றுவதா என்று சுவாமிநாதன் ஒரு முடிவு சொல்லட்டும் என்றார் வேம்பு. சுவாமிநாதன் பரிசீலனை செய்வதாகச் சொன்னார்.

அவருடைய சங்கடம் இதுதான். ஒட்டலாம் என்றால், ஒட்டுகிறவன் வந்து பார்த்துவிட்டு, இதில் யார் சார் வெந்நீர் ஊற்றியது என்று ஊர் கேட்கச் சொல்லிவிடுவான். மாற்றலாம் என்றால், நண்பர் கையால் செய்து கொடுத்ததைத் தெருவில் தூக்கிப் போட வேண்டும். அது நட்பையே தூக்கிப் போடுவதுபோல. இரண்டில் எதைச் செய்தாலும் முதலில் உண்மையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அல்போன்ஸ் கைமேல் அந்தப் பழி நிரந்தரமாக நின்றுவிடும். அதனால் அவர் எதையும் செய்யவில்லை. தினமும் குறைந்த தண்ணீருக்குப் பதில் ஒரு சொம்பு ஊற்றினார். அது சமர்த்தாக மேலே போய்ச் சேர்ந்தது.

அவர் சொல்லாத முடிவை ஊர் சொல்லத் தொடங்கியது. தெரு ஒட்டுக் கட்சி என்றும் மாற்றுக் கட்சி என்றும் இரண்டாகப் பிரிந்தது. பழகின கண்ணாடியை விடக் கூடாது என்றது ஒன்று. ஒரு தடவை விரிந்தது மறுபடி விரியும் என்றது மற்றொன்று. பங்குனியில் அறுபத்துமூவர் அன்று ஒட்டுக் கட்சி பானகப் பந்தல் போட்டது, மாற்றுக் கட்சி நீர்மோர்ப் பந்தல் போட்டது. பக்தர்கள் இரண்டு கட்சியிலும் சேர்ந்து வயிறு முட்டக் குடித்துவிட்டுப் போனார்கள். பத்திரிகை அடித்துக் கொடுத்தாகிவிட்ட கல்யாணம் ஒன்று இந்த விஷயத்தில் நின்றுபோக இருந்து, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை கட்சி மாறியதால் நடந்தேறியது. அடையாறில் இருந்து பஸ் பிடித்து வந்து பார்த்தவர்கள் உண்டு. தி. நகரில் ரெங்கநாதன் தெருக் கூட்டம் ஒரு சனிக்கிழமை பாதியாகக் குறைந்துவிட்டது, மீதிப் பாதி கற்பகம் ஃப்ளாட்ஸ் வாசலில் நின்றது என்று சொன்னால் இன்றைக்கு நம்ப மாட்டார்கள்.

வந்தவர்களுக்கெல்லாம் மேல் வீடுதான் கண்கொள்ளாக் காட்சி. அங்கே மழை தரையிலிருந்து கூரைக்குப் பெய்தது. ஜோன் ஒரு கறுப்புக் குடையை விரித்து, கம்பு மேலே இருக்கும்படி தரையில் வைத்து, அதைச் சுற்றிக்கொண்டு நடமாடினாள். கேரம் பலகைக்கு அடியில் சொட்டுகள் தாளம் போட்டன. சிவப்புக் காய் குழிக்குள் விழும் சமயம் அந்தத் தாளம் சற்று நின்றுவிட்டு, விழுந்ததும் மறுபடி தொடங்கியது. கூரையையும் ஊறிக் கடந்த தண்ணீர் மொட்டை மாடியில் எழும்பி வானத்துக்குப் போயிற்று. காக்காய்கள் அதற்கு மேலே பறந்துகொண்டே தலையைத் தாழ்த்திக் குடித்தன. பிற்பாடு இந்தப் பக்கத்துக் காக்காய்கள் குழாயடிக்குப் போனால் எப்படிக் குடிப்பது என்று கொஞ்ச நாள் தடுமாறின.

அந்த வருஷக் கோடையில் ஊரில் தண்ணீர் என்பதே வாய்ப்பேச்சாகப் போயிற்று. அடி பம்பு இருமியது. லாரி வருகிற சத்தம் மந்தைவெளியில் கேட்டால் இங்கே பிளாஸ்டிக் குடங்கள் தாமாக எழுந்து வரிசையில் நிற்கும் அளவுக்கு ஆகிவிட்டது. காமாக்ஷி மாமி வெயிலில் நின்று பிடித்து வந்த குடத்திலிருந்து சுவாமிநாதன் ஒரு சொம்பு மொண்டு தொட்டியில் ஊற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம், "லாரிக்காரன் கால்ல விழாத குறையா நான் பிடிச்சுண்டு வரேன், நீங்க அதை ஆகாசத்துக்கு அனுப்பறேள். அங்க யார் உங்களைத் தண்ணி கேட்டா?" என்பாள். சுவாமிநாதன் மீன்களைக் காட்டுவார். மீன்களும் அந்தச் சமயம் பார்த்து அநாதைகள்போல் முகத்தை வைத்துக்கொள்ளும்.

வினை வந்தது ஜோனின் முழங்கால் வழியாக. ஈரத் தரையில் நடந்து நடந்து அது வீங்கிவிட்டது. நங்கநல்லூரில் குடியிருந்த அவர்களுடைய மகள் டீனா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அம்மாவின் காலைப் பார்த்து, குடையைப் பார்த்து, அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடி இறங்கியதும் இருவரும் தன்னோடு வந்துவிட வேண்டியது, இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட வேண்டியது. அல்போன்ஸ் மறுத்துப் பேசவில்லை. நங்கநல்லூர் ஒன்றும் சீமையில் இல்லை, பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது, பெரிய ஆஞ்சநேயர் இருக்கிறார். ஆனால் மயிலாப்பூர்க்காரர்களுக்கு அடையாறு ஆற்றுக்கு அந்தப் பக்கம் எல்லாம் மொழி தெரியாத தேசம். சாயங்காலம் கேரம் ஆட நங்கநல்லூருக்குப் போய்வருவது என்பது சந்திரனுக்குப் போய்ச் சிவப்புக் காய் போட்டுவிட்டு வருவதற்குச் சமம்.

செய்தி கேட்ட அன்று சுவாமிநாதனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நண்பர் போய்விட்டால் எப்படி இருக்கும் என்று ஒத்திகை பார்ப்பதுபோல், அல்போன்ஸ் வெளியே போன நேரம் மாடிக்குப் போய், பலகைக்கு இரண்டு பக்கமும் மாறி மாறி உட்கார்ந்து தனியாக ஆடிப் பார்த்தார். இரண்டு பக்கமும் அவரே தோற்றார். பேச வேண்டும் என்று தினமும் படியேறினார். மேல் படிக்கு வரும்போது வார்த்தை தயாராக இருக்கும். கதவைத் திறந்து, வாங்க சாமி என்று அல்போன்ஸ் சிரித்ததும் அது கீழ்ப்படிக்கு இறங்கிப் போய்விடும். கடைசியில், சொல்லாமலே சரி செய்துவிடலாம் என்று ஒரு யோசனை பண்ணினார். வாழ்க்கையில் அவர் தானாக எடுத்த முதல் முடிவு அது. அதனால்தான் தப்பாகப் போயிற்று.

ஆவணி பாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெசன்ட் நகரில் கொடி ஏறி, இறங்குவதற்கு இன்னும் சில நாளே இருந்தபோது, அல்போன்ஸும் ஜோனும் பூசைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, ராயப்பேட்டைக் கண்ணாடிக் கடைக் கபாலியைச் சத்தமில்லாமல் வரவழைத்தார். கபாலி பேஸ்டைக் குழாயிலிருந்து பிதுக்கி விரிசலில் இழுத்தான். பேஸ்ட் அசையாமல் இருந்தது, பிறகு புழுபோல் நெளிந்து, கண்ணாடியைவிட்டு எழும்பிக் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. கபாலி அதையே அண்ணாந்து பார்த்தான்.

"இன்னா சார் இது. கீய ஒய்கறதுன்னா சொல்லு, கண்ண மூடிக்கினு ஒட்டிர்றேன். இது மேல ஒய்குது. பேஸ்ட்டும் அது கூடயே போய்க்கினு கீது. மேல ஒய்கறதுக்கு ரேட்டு வேற சார்."

என்ன ரேட்டானாலும் பரவாயில்லை, பூசை முடிவதற்குள் முடித்துவிடு என்று சுவாமிநாதன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சும்போதுதான் வாசலில் மீன்பாடி வண்டி ஒன்று வந்து நின்றது. சைக்கிள் மிதிப்பில் ஓடும் மூன்று சக்கரச் சாமான் வண்டி அது. அதன் பலகைமேல் ஜோன், பூசைக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு, ஒரு புத்தம்புது மீன் தொட்டியை மடியில் அணைத்துக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அல்போன்ஸ் நடந்து வந்தார். கோடை முழுக்க நண்பர் ஒருவர் வீட்டுப் பின்கட்டில் வைத்துச் சிறுகச் சிறுகச் செய்ததாம். அதை உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டு, கையில் பேஸ்டுக் குழாயோடு நின்ற கபாலியையும், வியர்த்து நின்ற சுவாமிநாதனையும் பார்த்தார்.

"இத வெச்சுக்குங்க சாமி," என்றார். "பழசு என் கைப்பிசகு. போறதுக்கு முன்னாடி பிசகில்லாம ஒண்ணு செஞ்சு குடுத்துட்டா மனசுக்கு நிம்மதியா இருக்கும்."

சுவாமிநாதனின் கை மீன் தீனி டப்பாவைத் தேடிப் போயிற்று. டப்பா காமாக்ஷி மாமியின் கையில் இருந்தது. அவள் அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"ஆயுசு பூரா ஃபைல்ல 'பேசவும்', 'பேசவும்'னு எழுதினேளே," என்றாள். "இப்போ பேசுங்கோ."

மேலே போகிற சொட்டுகூட நடுவழியில் நின்றது என்று கபாலி பிற்பாடு டீக்கடையில் சொன்னான். சுவாமிநாதன் குல்லாய் இல்லாத தலையைத் தடவிக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"உம்ம கையில ஒரு பிசகும் இல்லை ஓய். நான்தான் வெந்நீர் ஊத்தினேன். மார்கழியாச்சே, மீனுக்குக் குளிருமேன்னு."

"தெரியும்," என்றார் அல்போன்ஸ்.

"எப்போத்துலேர்ந்து?"

"அன்னிக்கு மத்தியானத்துலேர்ந்து. தரையில கால வெச்சேன், வெதுவெதுன்னு இருந்துச்சு. சூடாக்கினா தண்ணி மேல போகும் சாமி, எட்டாங்கிளாஸ் பாடம். நீங்களா சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

வெந்நீர் ஊற்றி மாசக்கணக்கில் ஆகிவிட்டதே, இன்னுமா ஆறவில்லை என்று கபாலி குறுக்கே கேட்டான். அது பாடத்திட்டத்தில் இல்லை என்றார் அல்போன்ஸ். சுவாமிநாதன் முதலில் சிரித்தாரா அழுதாரா என்பதில் ஒட்டுக் கட்சிக்கும் மாற்றுக் கட்சிக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு குலுங்கிய குலுக்கலில் வந்த நாள் முதல் ஓடாமல் சுவரில் இருந்த ஓய்வுப் பரிசுக் கடிகாரம் ஓட ஆரம்பித்ததை மட்டும் எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள்.

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றாள் ஜோன், நாற்காலியில் காலை நீட்டியபடி. "என் தரை?"

அதுதானே. சமாதானம் ஆகிவிட்டதே தவிர, சொட்டு நிற்கவில்லை. சொட்டு நிற்காவிட்டால் டீனா விடமாட்டாள். ஒட்ட முடியாது என்று பார்த்தாகிவிட்டது. மாற்றியாவது பார்ப்போம் என்று பழைய தொட்டியிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு புதுத் தொட்டியில் ஊற்றினார்கள். விரிசல் வழியாகத் தினம் கொஞ்சமாகப் போய்ப் பழகியிருந்த தண்ணீர், திறந்த வாயைக் கண்டதும் மொத்தமாக ஒரு உருண்டையாக எழும்பி, ஐவர் தலைக்கு மேலேயும் ஊர்வலம்போல் சென்று கூரையில் ஒட்டிக்கொண்டது. ஆக மாற்றுவதும் இல்லை. சுவாமிநாதன் மெள்ள, பரிசீலனை, என்று ஆரம்பித்தார். காமாக்ஷி மாமி அவரை அடக்கினாள்.

"மழைக்கு ஆத்துல ஒழுகினா பாத்திரத்தை எங்க வெப்போம்? ஒழுகற எடத்துலயா? சொட்டு விழற எடத்துலதானே. இது எங்க விழறது?"

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவ்வளவு எளிய விஷயம் ஒரு செயலகத்துக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் ஒரு கண்ணாடிக் கடைக்கும் அத்தனை மாசமாகத் தோன்றவில்லை. கபாலி, புதுத் தொட்டியைக் கவிழ்த்துக் கூரையில் மாட்டினேன் என்று வெளியில் சொன்னால் கடையை மூடிவிட்டுப் போகச் சொல்வார்கள் என்று புலம்பிக்கொண்டே, மின்விசிறியை இரண்டடி தள்ளி மாற்றி, நாலு மூலைக்கும் இரும்புப் பட்டை வைத்துத் திருகாணி முடுக்கி, வாய் கீழே பார்க்க அதை மாட்டினான். சொட்டு கிளம்பியது. போய்க் கண்ணாடியின் உள்ளே டொப்பென்று விழுந்தது. அடுத்தது விழுந்தது. கூரையிலேயே ஒட்டிக்கொண்டிருந்த பழைய குட்டையும் வீடு கிடைத்த ஏழை மாதிரி ஓரமாக நகர்ந்து அதற்குள் போய்ச் சேர்ந்துகொண்டது. இரண்டு மூன்று நாளில் மேல் வீட்டுத் தரை காய்ந்துவிட்டது. ஜோன் குடையை மடக்கி ஆணியில் மாட்டினாள். அவ்வளவு நாள் விரிந்தே கிடந்த குடை, மடங்கித் தொங்குவது எப்படி என்பதையே மறந்துபோய், இரண்டு தடவை நழுவி விழுந்து, மூன்றாம் தடவை கற்றுக்கொண்டது.

கொடி இறங்கிய மறுநாள் டீனா வண்டி பிடித்துக்கொண்டு வந்தாள். காய்ந்த தரையைக் கையால் தொட்டுப் பார்த்தாள். ஒரு இடத்தில் கையை வைத்தவள் எடுக்கவில்லை. கீழே கவிழ்ந்த தொட்டி இருக்கும் இடத்துக்கு நேர் மேலே, ஒரு பாய் அளவுக்கு, தரை வெதுவெதுப்பாக இருந்தது. அதில் நாற்காலியைப் போட்டு ஜோனின் காலை வைத்தார்கள். முழங்கால் வீக்கம் தீபாவளிக்குள் வடிந்துவிட்டது. பொங்கலுக்கு அவள் படி ஏறி இறங்கினாள். அடுத்த வருஷத் திருவிழாவுக்கு மயிலாப்பூரிலிருந்து பெசன்ட் நகருக்கு நடந்தே போய், ஊரூர் குப்பத்தில் மீன் வாங்கிக்கொண்டு நடந்தே திரும்பினாள் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். வந்த வண்டியைச் சும்மா அனுப்ப வேண்டாமே என்று டீனா அதில் வேம்புவின் பழைய பீரோவை ஏற்றிக்கொண்டு நங்கநல்லூருக்குப் போனாள்.

பழைய தொட்டி வீட்டில் இருந்ததால் ஒட்டுக் கட்சி தங்களுக்கே வெற்றி என்றது. புதுத் தொட்டியும் வீட்டில் இருந்ததால் மாற்றுக் கட்சியும் அப்படியே சொல்லிற்று. இரண்டு கட்சியும் சேர்ந்து கேசரி கிளறியதில் முந்திரிப்பருப்பு விலை ஒரு வாரம் ஏறியிருந்தது. வேம்பு விதிமுறைகளில் புதிதாக ஒன்று சேர்த்தார்: கீழிருந்து மேலே ஒழுகினால் சொட்டு விழும் இடத்தில் பாத்திரம் வைத்துக்கொள்ள வேண்டியது. அந்த வருஷம் ஐப்பசியில் மழையும் கொட்டோகொட்டென்று கொட்டியது. மேல் தொட்டி நிரம்பிவிட்டால் சுவாமிநாதன் ஸ்டூல்மேல் ஏறி, சொம்பைக் கவிழ்த்துப் பிடித்து மொண்டு, கீழ்த் தொட்டியில் சேர்ப்பார். அது மறுபடி மேலே போகும். தொட்டி புதிதாகத் தண்ணீர் கேட்டதே இல்லை. லாரி விஷயத்தில் காமாக்ஷி மாமி அவரை மன்னித்தாள், மனசார அல்ல, ஆனாலும் மன்னித்தாள்.

அப்புறம் கப்பி மீன் குட்டி போட்டது. நூல் பிரி கனத்தில் இருந்த குட்டிகள் விரிசல் வழியாக நழுவி, சொட்டுக்குள் உட்கார்ந்து சவாரி செய்து, மேல் தொட்டியில் குடியேறின. அங்கே அவை முதுகு கீழேயும் வயிறு மேலேயுமாக நீந்தின. முதல் தடவை வருகிறவர்கள், ஐயோ, செத்து மிதக்கிறதே என்பார்கள். அதற்கு, கீழ்த் தொட்டிக்காரர்கள்தான் தலைகீழ் என்று மேல் தொட்டி மீன்கள் நினைத்துக்கொண்டிருப்பதாக அல்போன்ஸ் விளக்கம் சொல்வார். கேரம் பலகை மட்டும் கீழே இறங்கி, இரண்டு தொட்டிக்கும் நடுவே வந்துவிட்டது. சொட்டுகள் பலகையைச் சுற்றிக்கொண்டு போகக் கற்றுக்கொண்டன. ஊர் மெட்ராஸாக இருந்து சென்னை ஆயிற்று. கபாலிக்குக் கவிழ்த்து மாட்டும் வேலைக்கென்று தனியாக யாரும் வரவில்லை என்பது ஒன்றுதான் வருத்தம். அதற்கென்று போர்டு எழுதி வைத்துப் பார்த்தான்.

வருஷா வருஷம் மார்கழி பிறந்ததும் காலையில் சுவாமிநாதன் குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு, பாய்லரிலிருந்து ஒரு சொம்பு வெந்நீர் பிடித்து வந்து, எல்லாரும் பார்க்கவே தொட்டியில் ஊற்றுவார். விரிசல் அதற்குமேல் ஓர் அரிசி நீளம்கூட வளரவில்லை. மீன்கள் கொண்டாடும். சொட்டு கிளம்பிப் போகும். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மேல் வீட்டுத் தரையில் ஜோன் குடைக் கம்பால் தட்டுவாள். ஒரு தட்டுத் தட்டினால் சூடு பதமாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு தட்டினால் இன்னொரு சொம்பு.